மறக்கப்பட்ட இசைத்தட்டும் விற்கப்படும் மரணமும்

ஒரு படைப்பு வெளிவந்த நாளில் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிட்டு, படைத்தவன் மறைந்த பின்னர் அவன் பெயரால் விழா எடுத்தல் எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கமே. அவ்வழக்கத்திற்கு இப்பொழுது 'மீள்கண்டுபிடிப்பு' என்றொரு புதுப்பெயர் வாய்த்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் கடைகளில் விலைபோகாது கிடந்த இசைத்தட்டுகள் இன்று தூசு தட்டி எடுக்கப்படுகின்றன. பழம்பொருள் சேகரிப்போர் அவற்றைப் போட்டியிட்டு வாங்குகின்றனர். உறைக்குள்ளே படைத்தவனின் துயரக் கதையும் வைத்துத் தரப்படுகின்றது. இத்தகைய மீட்பில் உண்மையில் மீட்கப்படுவது யாது? படைப்பா, படைத்தவனின் சாவா? இவ்வினாவை டென்மார்க்கிலே 1967ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹிப்' என்னும் றொக் இசைத்தட்டை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கம்.

முதலில் செய்திகளைக் கூறிவிடுவோம். 'ஹிப்' இசைத்தட்டை ஆக்கியவர்கள் கொப்பன்ஹேகன் நகரத்து இளைஞர் நால்வர். அவர்கள் தம் குழுவிற்கு இட்ட பெயர் ஸ்டெப்பெஉல்வெனே. புல்வெளி ஓநாய்கள் என்பது பொருள். ஜேர்மன் மொழி எழுத்தாளர் ஹேர்மன் ஹெஸ்ஸே 1927இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்த பெயர் அது. பாடல்களை இயற்றிப் பாடியவர் ஐக் ஸ்காலோ. அவற்றுக்கு இசையமைத்துக் கிற்றார் வாசித்தவர் ஸ்டீக் மொல்லர். பேஸ் கிற்றாரை ஸோரன் ஸைரூப்பும் டிரம்ஸைப் பிரேபன் டெவான்டியேயும் வாசித்தனர். முழுவதும் டேனிஷ் மொழியிலேயே பாடப்பெற்ற முதலாவது றொக் இசைத்தட்டு என்று இன்று போற்றப்படுவது இதுவே. ஆயினும் வெளிவந்த காலத்தில் அதனை வாங்கியோர் மிகச் சிலர். அடுத்த ஆண்டு ஸ்காலோ தரைவழியே இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பாகிஸ்தான் எல்லையை அடுத்த பஞ்சாப் பட்டணமாகிய பெரோஸ்பூரில் அவர் வாழ்வு முடிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 25. குழுவும் அத்துடன் மறைந்தது.

ஹெஸ்ஸேயின் அதே நாவலின் பெயரை வட அமெரிக்கக் குழுவொன்றும் சூடிக்கொண்டது. ஸ்டெப்பன்வுல்ப் என்னும் அக்குழு 1968இல் வெளியிட்ட இசைத்தட்டை உலகம் முழுவதும் கேட்டது. ஒரே நூல், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே வகை இசை. ஒன்று ஆங்கிலத்திற் பாடியது. மற்றொன்று ஐம்பது இலட்சத்துக்கும் குறைவான மக்கள் பேசிய மொழியிற் பாடியது. ஒரு படைப்பு உலகின் காதுக்கு எட்டுவதும் எட்டாமற் போவதும் அதன் தகுதியால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, இந்த இசைத்தட்டு இன்று எவ்வாறு மீட்கப்படுகின்றது என்பதைக் காண்போம். தலைமயிர் நீண்ட இளம் கவிஞன், போதைப்பொருள், காதலின் தோல்வி, கீழைத்தேசப் பயணம், தூரத்து மண்ணில் தனிமையில் நேர்ந்த மரணம் – இவையே அவரைப் பற்றி எழுதுவோரிற் பலர் முதலிலும் முடிவிலும் கூறுவன. 2010களின் நடுப்பகுதியில் ஒலே கிறிஸ்டியன் மட்ஸன் நெறிப்படுத்திய 'இட்ஸி பிட்ஸி' என்னும் திரைப்படமும் ஸ்காலோவின் காதலையும் பயணத்தையுமே கதையாகக் கொண்டது. தனிமனிதனின் வாழ்வைத் திரைப்படமாக்குவது குற்றமன்று. ஆனால் ஒருவர் இறந்த விதம் அவர் எழுதிய சொற்களைக் காட்டிலும் பெரிதாகப் பேசப்படும்பொழுது, இசைத்தட்டு கேட்கப்படும் பொருளாக இல்லாது, நினைவுச் சின்னமாகிவிடுகின்றது. அதன் பெறுமதி சாவின் பெறுமதியாகின்றது. சேகரிப்போன் பூட்டிவைக்கிறான், வணிகன் விலை கூறுகிறான், பாட்டைக் கேட்போர் எவருமில்லை. உயிரோடிருந்த கவிஞனுக்கு ஓரிரு நூறு செவிகளைக்கூட முயன்று தேடித் தராத சந்தை, இறந்த கவிஞனுக்குக் கோயில் கட்டுகிறது. இதனை நாம் மீட்பு என்று ஏற்பதற்கில்லை.

அவ்வாறாயின் 'ஹிப்' என்னும் படைப்பின் உண்மையான பெறுமதி யாது? அதனை அறிவதற்கு அக்காலத்து டென்மார்க்கில் பாட்டும் மொழியும் இருந்த நிலையை அறிதல் வேண்டும்.

டேனிஷ் மக்கள் தாய்மொழியிற் பாடத் தெரியாதவர்களல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரண்ட்விக் என்னும் பேரறிஞர், இலத்தீன் மொழியைக் கட்டியழுத கல்விமுறையை எதிர்த்து, உழவர் மக்கள் தம் சொந்த மொழியிற் கற்றுச் சேர்ந்து பாடும் மக்கள் உயர்பள்ளி என்னும் எண்ணத்தை விதைத்தார். அவ்வகைப் பள்ளிகளுள் முதலாவது 1844இல் ரொடிங் என்னும் ஊரில் எழுந்தது. பாட்டின்றிப் பாடமில்லை என்னும் அளவுக்கு அப்பள்ளிகளிற் கூட்டுப்பாடல் வேரூன்றியது. மக்கள் மொழியில் மக்களே பாடிய மரபு அந்நாட்டுக்கு உண்டு.

ஆனால் 1960களில் புதிய தலைமுறை மின்கிற்றாரைக் கையில் எடுத்தபொழுது அம்மரபு அதன் கைக்கு எட்டவில்லை. அந்த இசையை டேனியர் 'முட்கம்பி' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். ஓசையின் கரடுமுரடு பற்றி எழுந்த பெயர் அது. அந்த முட்கம்பிக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடின. இலிவர்பூலிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்த பாடல்களை மனனஞ்செய்து ஒப்புவித்தல், அல்லது அவற்றைப் போலத் தாமும் ஆங்கிலத்திற் புனைதல் – இவையே அவர்தம் தொழிலாயிருந்தன. டேனிஷ் மொழி எங்கே இருந்தது? வழிபாட்டுப் பாடலில் இருந்தது. பள்ளிப் பாடலில் இருந்தது. நகைச்சுவை மேடையில் இருந்தது. வீட்டுக்கு இதமான மெல்லிசையில் இருந்தது. அம்மெல்லிசையை நாட்டின் வானொலி 1968 முதல் 'டான்ஸ்க்டொப்' என்னும் நிகழ்ச்சியில் வாரந்தோறும் வரிசைப்படுத்தி ஒலிபரப்பியது. இளைஞனின் சினத்தையும் ஐயத்தையும் கனவையும் தாங்கும் வலிமை மாத்திரம் அம்மொழிக்கு இல்லை என்று இளைஞர்களே நம்பினர். தம் மொழி சமையலறைக்கும் கோயிலுக்கும் போதும், புதுமைக்குப் போதாது என்ற எண்ணம் அடிமைப்பட்ட நாடுகளுக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைத்திருந்தால், அந்நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். பேரரசின் பாட்டுச் சந்தை செல்வந்த ஐரோப்பாவின் சிறுமொழிகளையும் அவ்வாறே நாணவைத்தது.

'ஹிப்' இசைத்தட்டின் சாதனை இந்த நாணத்தை முறித்தமையே. ஸ்காலோ பொப் டிலானைக் கேட்டு வளர்ந்தவர்; டிலானின் சாயல் அவர் பாட்டிலே வெளிப்படை. ஆனால் அவர் டிலானைப் பிரதி செய்யவில்லை. டிலான் தம் ஊர்ப் பேச்சைக் கொண்டு செய்ததை ஸ்காலோ தம் ஊர்ப் பேச்சைக் கொண்டு செய்தார். கொப்பன்ஹேகன் தெருவிலே இளைஞர் பேசிய கொச்சையும், அவர்தம் குழூஉக்குறிகளும், கனவிலே தோன்றுவன போன்ற படிமங்களும் ஒன்றாய்க் கலந்து அப்பாடல்களில் வருகின்றன. அவர் குரல் பயிற்சி பெற்ற பாடகரின் குரலன்று. பேசுவோன் பாடத் தொடங்கிய குரல். மொல்லரின் இசை அந்தச் சொற்களுக்கு இடம்விட்டு நடக்கின்றது. டேனிஷ் மொழியின் விழுங்கி ஒலிக்கும் அசைகள் றொக் தாளத்திற்கு ஒவ்வா என்ற வாதத்திற்கு அவர்கள் கட்டுரை எழுதி மறுப்புக் கூறவில்லை, பாடிக் காட்டினர்.

கொச்சைமொழி கலையாகுமா என்ற வினா எமக்குப் புதியதன்று. எம் மக்கள் பேசும் மொழியைச் சிறுகதையிற் பெய்தபொழுது பண்டிதர்கள் எழுப்பிய கூச்சலை இச்சஞ்சிகையின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மொழி தாழ்வதாகக் கூறப்பட்டது. வளர்ந்தது என்பதே வரலாறு. டேனிஷ் மொழிக்கும் 'ஹிப்' செய்த உதவி அத்தகையது.

எம்மவரிடையே ஒரு சாரார் இங்கு குறுக்கிட்டுக் கூறுவது எமக்குக் கேட்கின்றது. 'றொக் இசை ஏகாதிபத்தியத்தின் சீரழிந்த கூச்சல். போதையில் மூழ்கிய மேட்டுக்குடி இளைஞரின் ஓலம். உழைக்கும் மக்களுக்கு அதனால் ஆவதென்ன?' என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் ஒரு வடிவத்தையும் அவ்வடிவத்தை விற்போரையும் ஒன்றென மயங்குவதால் எழுவது. நாவல் என்னும் வடிவம் பூர்ஷ்வா வர்க்கத்தின் எழுச்சியோடு வளர்ந்தது. அதனால் நாம் நாவலைத் துறந்தோமா? சினிமா முதலாளியின் பணத்தாற் பிறந்தது. ஐசன்ஸ்டைன் அதனைத் துறந்தாரா? றொக் இசையின் வேரோ அமெரிக்கக் கறுப்பு மக்களின் துன்பப் பாடலிலே உள்ளது. அவர்களிடமிருந்து அதனைப் பறித்து விற்றவர்களைச் சாடுவோம். வடிவத்தைச் சாடுவது பறித்தவனுக்கே உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகும்.

எனினும் அத்தோழர்களின் வாதத்தில் ஒரு பகுதி மெய். அதனை மறைத்து 'ஹிப்' இசைத்தட்டைப் போற்றுவது நேர்மையாகாது. அந்த இசைத்தட்டு வெளிவந்த அதே 1967ஆம் ஆண்டின் இறுதியில், வியட்நாமிலே அமெரிக்கா இழைத்த போர்க்குற்றங்களை விசாரித்த ரஸ்ஸல் நீதிமன்றத்தின் இரண்டாவது அமர்வு கொப்பன்ஹேகனுக்கு அண்மையிலுள்ள ரொஸ்கில்ட நகரிலே கூடியது. மறு ஆண்டின் வசந்தகாலத்தில் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் நிருவாகத்திலே பங்கு கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். இவ்வாறு நாடு கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் ஸ்காலோவின் பாட்டு உள்முகமாய்த் திரும்பியது. அது சமுதாயத்தை மறுத்தது, மாற்ற முனையவில்லை. பண்டங்களைக் குவித்து மகிழும் வாழ்க்கையின் வெறுமையை அவர் கண்டார். அவ்வெறுமையை ஆக்கும் உறவுகளை அவர் காணவில்லை. ஆகவே வெளியேறுவதே வழியென அவருக்குத் தோன்றியது. தனித்து வெளியேறுவோன் தனித்தே விழுகிறான். இதனை அவர்மீது குற்றமாக நாம் சுமத்தவில்லை. தனிமனிதக் கலகத்தின் எல்லை அதுவென்று சுட்டுகிறோம். அந்த எல்லையையே அழகென்று புகழ்ந்து இளைஞருக்கு விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

'கீழைத்தேச யாத்திரை' என்று பாராட்டப்படும் பயணத்தைப் பற்றியும் கூறவேண்டியிருக்கிறது. 1620இல் ஓவே யேட்டே தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் இலங்கையிலே காலூன்ற முயன்று இயலாது, தரங்கம்பாடியிற் கோட்டை கட்டின. அவர்கள் மிளகைத் தேடி வந்தனர். மூன்றரை நூற்றாண்டின் பின்னர் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியே வந்த மேனாட்டு இளைஞர் அமைதியைத் தேடி வந்தனர். நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆனால் அவ்வீதியோரத்து உழவனும் கூலியாளும் எவ்வாறு வாழ்கின்றனர் என்ற வினா அப்பயணக் கதைகளிலே பெரும்பாலும் எழுவதில்லை. கிழக்கு அவர்களுக்கு ஒரு மனநிலை. அங்கே வாழ்வோருக்கோ அது வயிற்றுப்பாடு.

எதிர்த்திசையிற் சென்றோரின் கதையையும் ஒப்பிட்டு நோக்குக. 1980களில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி டென்மார்க்கை அடைந்த தமிழர்கள் அமைதியைக் கவிதையாகத் தேடிச் சென்றவரல்லர். அவர்கள் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளச் செய்த விண்ணப்பங்களை, 1987இல் நீதி அமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். உண்மை வெளிப்பட்டு, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி துறந்தார். 1995இல் முன்னாள் அமைச்சர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அந்நாட்டு அரசியல் வரலாற்றில் 'தமிழர் விவகாரம்' என்றே அதற்குப் பெயர். ஒரு திசையிற் செல்வோனுக்குப் பாதை யாத்திரையாகின்றது. மறுதிசையில் வருவோனுக்கு அதே பாதை வழக்காகின்றது. யாத்திரையின் அழகை மட்டும் பாடுவோர் இந்த உண்மையை மறைக்கின்றனர். ஸ்காலோவின் தலைமுறை இதனை அறிந்திருக்க வழியில்லை. இன்று அவரை விற்போர் அறியாதிருக்க நியாயமில்லை.

இக்கதையிலே அநீதிக்கு ஆளான மற்றொருவரும் உளர். இசைத்தட்டின் புகழ்பெற்ற பாடல் 'இட்ஸி பிட்ஸி'. அது யாரைக் குறித்து எழுந்ததோ அவர் ஈபன் நாகல் ரஸ்முஸ்ஸன். குழந்தைப் பாடல்களால் நாடறிந்த கவிஞர் ஹால்ப்டன் ரஸ்முஸ்ஸனின் மகள். பாட்டின் காதலி என்ற அளவிலேயே கதைசொல்வோர் அவரை நிறுத்திவிடுகின்றனர். உண்மை வேறு. 1966இல் ஹோல்ஸ்டெப்ரோ என்னும் சிறு நகரத்துக்கு இடம்பெயர்ந்த ஒடின் நாடகக் குழுவிலே அவர் சேர்ந்து, கடும் பயிற்சியால் உலகறிந்த நடிகையானார். அக்குழுவின் நெறியாளர் இயூஜேனியோ பார்பா 1963இல் கேரளத்துக்கு வந்து, கதகளிக் கலைஞரின் பயிற்சிமுறையைக் கண்டு எழுதியவர். கிழக்கை நோக்கி வந்தோரிலும் இருவகை உண்டு என்பது இதனாற் புலனாகும்: இங்குள்ள உழைப்பைக் கற்க வந்தோர் ஒருவகை, தம் துயரைக் கரைக்க வந்தோர் மற்றொருவகை. 1991இல் ஈபன் 'இட்ஸி பிட்ஸி' என்ற அதே பெயரில் நாடகம் ஆக்கி, அக்காலத்தையும் அதன் இழப்பையும் தம் வாயாலேயே கூறினார். அரைநூற்றாண்டு கலைவாழ்வு வாழ்ந்த பெண்ணை ஒரு பாட்டின் நிழலாக்குவதும், இறந்த இளைஞனைத் தெய்வமாக்குவதும் ஒரே கையின் வேலைகள்.

'ஹிப்' திறந்த வழியிற் பின்னர் நடந்தவை அதன் பெறுமதியை உறுதிசெய்கின்றன. காஸொலின் என்னும் குழு தன் தொடக்கப் பாடல்களை ஆங்கிலத்திற் பாடியது. 1971இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் டேனிஷ் மொழிக்கு மாறியது. நாடே அதன் பாட்டைத் தனதென்று கொண்டது. பின்னர் அதே குழு ஆங்கிலப் பதிப்புகளோடு வெளிநாட்டுச் சந்தையை நாடியபொழுது அங்கே வரவேற்பில்லை. 1969இல் தோன்றிய 'சிவப்பு அன்னை' என்னும் கலைஞர் கூட்டு, டேயா டிரியர் மொர்க் முதலியோரின் லினோ அச்சுப் படங்களையும் சோசலிசப் பாடல்களையும் ஒருங்கே மக்களிடம் கொண்டு சென்றது. ஸ்காலோ நின்ற எல்லையைத் தாண்டி, தெருமொழிக்குத் தொழிலாளியின் பொருளைக் கொடுத்தது. 'சாவேஜ் ரோஸ்' குழுவின் கதை இன்னும் சிறப்புடையது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் தயாரிப்பாளரான ஜிம்மி மில்லர் 1971இல் அவர்களின் இசைத்தட்டைத் தயாரித்தார். உலகச் சந்தையின் கதவு திறந்திருந்தது. தொமாஸ் கொப்பலும் பாடகி அனிசெட்டும் அக்கதவுக்குள் நுழையவில்லை. இலெபனானில் உள்ள பலஸ்தீன அகதி முகாம்களுக்குச் சென்று பாடினர். 1978இல் வெளியிட்ட இசைத்தட்டில் தாய்மொழிக்குத் திரும்பினர். விற்பனை குறைந்தது, பாட்டு வளர்ந்தது.

இவையெல்லாம் ஒரு செய்தியையே வலியுறுத்துகின்றன. மறக்கப்பட்ட படைப்பை மீட்பது நல்ல பணி. நாமும் செய்யவேண்டிய பணி. ஆனால் அதனை வணிகனின் கையில் விட்டால் அவன் பிணத்தை மீட்பான், சொல்லை விட்டுவிடுவான். 'ஹிப்' இசைத்தட்டை நாம் கேட்கவேண்டியது பெரோஸ்பூரில் நேர்ந்த முடிவுக்காக அன்று. ஒரு சிறுமொழி தன் தெருக்களின் பேச்சோடு புதிய வடிவத்திற்குள் நாணாது நுழைந்த வேளையை அது பதிந்து வைத்திருக்கின்றது என்பதற்காகவே கேட்கவேண்டும். அதன் குறைகளையும் சேர்த்தே கேட்கவேண்டும். குறை கூறப்படாத படைப்பு வழிபடப்படும், பயன்படாது.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கிக் கூறுவது இதுவே. 'உலகத்தரம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எவ்வுலகம், யார் வகுத்த தரம் என்று வினவுங்கள். ஆங்கிலத்திற் பாடினால் உலகம், தாய்மொழியிற் பாடினால் ஊர் என்ற கணக்கு கணித நூலில் இல்லை. விற்பவனின் பேரேட்டில் இருக்கின்றது. வகுப்பறையிலே பிறநாட்டுப் பாட்டொன்றைக் கேட்கச் செய்யும்பொழுது, பாடியவன் எப்படி இறந்தான் என்பதைக் கூறுமுன்னர், எந்த மொழியில், எந்தத் தயக்கத்தை மீறி, யாருக்காகப் பாடினான் என்பதைக் கூறுங்கள். சாவுகளைச் சேகரிக்கும் சந்தை தன் தொழிலை நடத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தைக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்கும் செவிகளை வளர்ப்பது எம் தொழில்.